இடப்பக்கச் சிக்னல் மட்டும் படபடவென்று அடிக்கிறது, பல்ப் மாற்றியும் சரிவரவில்லை

ஒடியற்கூழ்:
எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது கொரல்லா 110, 1998 ஆம் ஆண்டு வந்தது. போன கிழமை சுன்னாகம் சந்தியில் திரும்பும்போதுதான் கவனித்தேன், இடப்பக்கச் சிக்னல் போட்டால் உள்ளே தையல் மெஷின் ஓடுகிற மாதிரிச் சத்தம். வலப்பக்கம் போட்டால் பழையபடி ஆறுதலாக அடிக்கிறது. இறங்கிச் சுற்றி வந்து பார்த்தால் பின்னுக்கு இடப்பக்கப் பல்ப் எரியவில்லை. சரி, அதுதான் காரணம் என்று நினைத்து அன்று பின்னேரமே மச்சான் வீட்டில் கிடந்த புதுப் பல்ப் ஒன்றை எடுத்துப் போட்டேன். எரிகிறது. ஆனால் வேகம் குறையவில்லை, அதே படபடப்புத்தான். நாலு விளக்கும் ஒன்றாக அடிக்கிற ஹசார்ட் சுவிட்சைப் போட்டால் ஒழுங்காக அடிக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. தெரிந்த கராஜ்காரர் ஒருவர் காரைப் பார்க்காமலே போனில் "பிளாஷர் போயிட்டுது, மாத்துங்கோ" என்கிறார். சிக்னலை அடிக்க வைக்கிற அந்தச் சின்னப் பெட்டியை மாற்றவா?

வடலிக்காற்று:
பிளாஷர்தான் அண்ணை. எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் எனக்கு இரண்டு பக்கமும் வேகமாக அடிக்கிறது. மாற்றினால் சரியாகும் என்று யூடியூபில் சொல்கிறார்கள்.

தட்டிவான்:
ஒடியற்கூழ், பொறும். காசைக் கையில் வைத்திரும். பிளாஷர் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். அது பழுதென்றால் வலப்பக்கமும் குழம்ப வேண்டும். ஒரு பக்கம் ஒழுங்காக அடிக்கிறது என்றால் பிளாஷர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, உமக்கு ஏதோ சொல்லவும் பார்க்கிறது.

என்ன சொல்கிறது என்றால் இதுதான். சாதாரணச் சிக்னல் பல்ப் 12 வோல்ற், 21 வோற். 21 ஐ 12 ஆல் பிரித்தால் 1.75 அம்பியர். ஒரு பக்கத்தில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, இரண்டுக்கும் மூன்றரை. மட்கார்டில் இருக்கிற சின்னப் பல்ப் 5 வோற், அதற்கு 0.4. மொத்தம் கிட்டத்தட்ட 4 அம்பியர் பிளாஷருக்குள்ளால் போக வேண்டும். உள்ளே அந்த மின்னோட்டத்தை அளந்துகொண்டிருக்கிற ஒரு சின்னத் தடையும் ஒரு சிப்பும் இருக்கின்றன. 21 வோற் பல்ப் ஒன்று போனால் 4 என்பது 2 சொச்சமாக இறங்கும், உடனே அது வேகத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிவிடும். பழுதென்று அதற்குப் பெயர் வைக்க வேண்டாம், அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவர் இறங்கிப் பார்க்கட்டும் என்று. மட்கார்டின் 5 வோற் மட்டும் போனால் பெரும்பாலும் வேகம் மாறாது, அதனால்தான் அது மாசக் கணக்காக எரியாமல் கிடந்தும் ஒருவரும் கவனிப்பதில்லை.

ஹசார்ட் ஒழுங்காக அடிக்கிறது என்பதும் இதனால்தான். அப்போது இரண்டு பக்கத்துச் சுமையும் சேர்ந்து போகிறது, ஒரு பல்பின் குறை அதற்குப் பெரிதாகத் தெரியாது.

ஆகவே இடப்பக்கத்தில் எங்கோ மின்னோட்டம் குறைகிறது. முன்னுக்கு இருக்கிற பல்பும் எரிகிறதா?

ஒடியற்கூழ்:
எரிகிறது அண்ணை. முன்னுக்கு, மட்கார்ட், பின்னுக்கு மூன்றும் எரிகின்றன. மகளைப் பின்னால் நிறுத்திப் பார்த்தேன், "எரியுது, எரியுது" என்று சொல்லிக் களைத்துப் போனாள்.

பண்ணைப்பாலம்:
எரிந்தால் மட்டும் போதாது, எர்த், அதாவது பல்பில் இருந்து மின்சாரம் திரும்பிப் போகிற வழி, பிடிக்கிறதா என்று பாருங்கோ. நான் ஊர்காவற்றுறையில் இருந்து தினமும் பண்ணைப் பாலத்தால் வந்து போகிறவன். கடற்காற்று என்னுடைய பின் விளக்கு ஹோல்டரைத் தின்றே விட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பாசி மாதிரிச் செம்பு பூத்திருந்தது. பிரேக் மிதித்தால் சிக்னலும் சேர்ந்து மங்கலாக எரியும், சிக்னல் போட்டால் பின்லைட்டும் சேர்ந்து துடிக்கும். எர்த் விட்டுப்போனால் மின்சாரம் வேறு பல்பின் இழைக்குள்ளால் வழி தேடிப் போகும், அதுதான் இந்தக் கூத்து. கார்த்திகை மார்கழி மழைக்குப் பிறகு டிக்கிக்குள் ஈரம் நிற்கிற கார் என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கேபிள்சுத்தி:
ஓம், எர்த் பார்க்க வேண்டியதுதான். நான் வயரிங் வேலைதான் செய்கிறேன், வருகிற பழைய கார்களில் பாதிக்கு மேல் எர்த்தும் ஹோல்டரும்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திரும்ப விட்டார்கள். அந்த ஐந்து வருடமும் எல்லாரும் இருந்த காரையே வைத்து ஓட்டினார்கள், ஹோல்டரும் பிளாஸ்டிக்கும் வயரும் காரோடு சேர்ந்தே கிழடாகிவிட்டன.

மல்ரிமீற்றர் இருந்தால் 20 வோல்ற் டிசியில் வையுங்கோ. கறுப்பு முனையைப் பற்றரியின் மைனஸில், சிவப்பு முனையைப் பின் ஹோல்டரின் எர்த் பக்கத்தில். சிக்னலைப் போட்டு, பல்ப் எரிகிற நேரத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கோ. 0.2 க்கு மேல் போனால் எர்த் சரியில்லை. வயர் எட்டாது என்றால் ஒரு துண்டு வயரால் ஹோல்டரின் எர்த்தை நேராகக் காரின் இரும்பு உடலில் தொட்டுப் பார்க்கலாம், வேகம் குறைந்தால் விஷயம் முடிந்தது.

மொறிஸ்காரன்:
இதில் ஒரு விஷயம் சேர்க்கலாமா. எங்கள் அப்பாவின் மொறிஸ் மைனர் இன்னும் வீட்டில் நிற்கிறது. 1961 இல்தான் அந்தக் காருக்கு மினுங்குகிற சிக்னல் வந்தது, அதற்கு முன்னையதில் கதவுத் தூணில் இருந்து சின்னக் கை மாதிரி ஒன்று வெளியே நீளும். அந்தக் காலத்துப் பிளாஷர் உள்ளே சூடேறி வளைகிற தகடு. அதில் பல்ப் ஒன்று போனால் தகடு சூடேற நேரமெடுக்கும், பெரும்பாலும் மெதுவாகும் அல்லது மினுங்காமல் அப்படியே எரிந்துகொண்டு நிற்கும். ஆகவே உங்கள் தாத்தா "மெதுவா அடிச்சா பல்ப் போச்சு" என்று சொல்லியிருந்தால் அவரும் பிழை சொல்லவில்லை. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில் சிக்னலைப் பற்றி யார் நினைத்தது, கையை நீட்டித்தான் திரும்பினோம்.

ஒடியற்கூழ்:
நன்றி எல்லாருக்கும். ஒரு விஷயம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தட்டிவான் அண்ணை பொறும் என்று சொல்வதற்கு முன்னமே அந்தக் கராஜ்காரர் பழைய காரில் இருந்து கழற்றிய பிளாஷர் ஒன்று கொண்டுவந்து தந்துவிட்டார், மூவாயிரத்து ஐந்நூறு. பூட்டிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை, இடம் வேகம், வலம் ஆறுதல். அவர் இப்போது "அப்ப வயரிங் ஹார்னஸ்தான்" என்கிறார், காரின் மொத்த வயர்க் கட்டு என்றதும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

எர்த் பார்த்தேன். மல்ரிமீற்றர் வயர் எட்டவில்லை, கோலிங் பெல் வயரை இணைத்து நீட்டினேன். பல்ப் எரியும்போது 0.06 காட்டுகிறது. ஹோல்டரின் பிளஸ் பக்கம் 0 க்கும் 12 க்கும் இடையில் துள்ளுகிறது. ஹோல்டர் உள்ளே நல்ல பித்தளை நிறம், பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை. இனி?

தட்டிவான்:
0.06 என்றால் எர்த் தங்கம். ஹார்னஸ் என்கிற கதையையும் அவரிடமே விட்டுவிடும். ஹோல்டருக்கு 12 வருகிறது, எர்த் இருக்கிறது, பல்ப் எரிகிறது. அப்படியென்றால் வயரிங்கில் என்ன பிழை இருக்க முடியும்?

வடலிக்காற்று:
இடையில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். நான் நாலு பக்கமும் எல்.ஈ.டி. போட்டேன், அன்று முதல்தான் வேகம். அதுவும் மின்னோட்டக் கதைதானா?

கேபிள்சுத்தி:
அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேணும் ஐசே! யூடியூப் பார்த்து ஒடியற்கூழுக்குப் பிளாஷர் மாற்றச் சொன்னீர், உமது விஷயம் வேறு, அவருடைய விஷயம் வேறு. எல்.ஈ.டி. குடிக்கிறது ஒரு அம்பியரில் சின்னப் பங்குதான். பிளாஷர் பார்க்கிறது, ஓகோ இரண்டு பல்பும் போய்விட்டன என்று நினைக்கிறது. அது ஏமாறவில்லை, நீர்தான் அதற்குத் தெரியாத ஒன்றைப் பூட்டியிருக்கிறீர்.

இரண்டு வழி. ஒன்று, எல்.ஈ.டி.க்கென்றே வருகிற பிளாஷர் றிலே, சுமை எவ்வளவு குறைந்தாலும் ஒரே வேகத்தில் அடிக்கும். கால்களின் எண்ணிக்கையும் ஒழுங்கும் உமது காருடையதோடு ஒத்துப்போக வேணும், 3 கால், 8 கால் என்று வேறு வேறு இருக்கின்றன, பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோனால்தான் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் சரியானதைத் தருவார்கள். மற்றது, 6 ஓம் 50 வோற் தடை ஒன்றை எல்.ஈ.டி.க்குப் பக்கவாட்டில் பிளஸுக்கும் எர்த்துக்கும் இடையில் போடுவது. 12 வோல்ற்றில் அது 2 அம்பியர் இழுக்கும், பிளாஷர் பழைய பல்ப் திரும்ப வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

ஆனால் 2 அம்பியர் 12 வோல்ற் என்றால் 24 வோற் சூடு, எஞ்சின் ஓடும்போது 30 ஐத் தாண்டும். அந்தத் தங்க நிறப் பெட்டியைப் பம்பர் பிளாஸ்டிக்கிலோ வயர்க் கட்டிலோ ஒட்டாதேயும். இரும்பில் ஸ்குரூ போட்டு இறுக்க வேணும். டேப்பால் கட்டிவிட்டு ஹசார்ட் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் நின்ற ஒரு வானுக்குப் பின் விளக்கு உருகியதை நானே கழற்றியிருக்கிறேன். "கான்பஸ்" என்று எழுதிய எல்.ஈ.டி. பல்ப்களிலும் இதே தடைதான் உள்ளே ஒளிந்திருக்கிறது, அதுவும் சூடாகும்.

பண்ணைப்பாலம்:
வெள்ளை எல்.ஈ.டி.யா மஞ்சளா போட்டீர்? மஞ்சள் கண்ணாடிக்குள் வெள்ளை எல்.ஈ.டி. போட்டால் வெளிறிப்போய்த் தெரியும், பகல் வெய்யிலில் பின்னால் வருகிற ஓட்டோக்காரனுக்கு ஒன்றும் விளங்காது.

வடலிக்காற்று:
வெள்ளை. கடையில் வெள்ளைதான் இருந்தது.

தட்டிவான்:
எல்.ஈ.டி. போட என்ன அவசரமோ தெரியாது. 21 வோற் பல்ப் அடிக்கடி போகிற சாமானா? சிக்னல் பல்ப் ஒரு நாளில் மொத்தமாக எத்தனை நிமிடம் எரிகிறது. வெளிச்சத்துக்காக மாற்றினால் ஒரு நியாயம் இருக்கிறது, ஸ்ரைலுக்கு மாற்றிவிட்டுத் தடை வாங்கி அதைச் சூடாக்குவது எனக்குப் பிடிபடவில்லை. சரி, ஒடியற்கூழின் இழையைக் கடத்த வேண்டாம்.

கேபிள்சுத்தி:
ஒடியற்கூழ், இனி மீற்றரை வையுங்கோ கீழே. பின்னுக்கு இடப்பக்கப் பல்பைக் கழற்றி வலப்பக்கத்தில் போடுங்கோ, வலப்பக்கத்தைக் கழற்றி இடப்பக்கத்தில். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் திருகிப் பூட்டுகிற பல்ப்தானே? அப்படியென்றால் ஐந்து நிமிட வேலை. வேகம் வலப்பக்கத்துக்கு ஓடினால் பல்ப். இடப்பக்கத்திலேயே நின்றால் ஹோல்டரும் வயரும். உங்கள் கராஜ்காரர் முதல் நாளே இதைச் செய்திருந்தால் மூவாயிரத்து ஐந்நூறு தப்பியிருக்கும்.

ஒடியற்கூழ்:
செய்தேன். நம்ப மாட்டீர்கள், இப்போது வலப்பக்கம் படபடக்கிறது, இடப்பக்கம் ஆறுதலாகிவிட்டது. ஆனால் அது புதுப் பல்ப் அல்லவா, இதுவரை பூட்டாத பல்ப், அதுவும் எரிகிறதே. பழுதான பல்ப் எப்படி எரியும்?

மொறிஸ்காரன்:
பின்னேரம் ஆறரைக்குப் பிறகு இரண்டையும் போட்டு, பத்து அடி தள்ளி நின்று பாருங்கோ. ஒன்று மற்றதைவிட மங்கலா?

ஒடியற்கூழ்:
ஓம்! இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன், மற்றது தோடம்பழம் மாதிரி, இது கறள் பிடித்த சிவப்பு. பகலில் எனக்கு அது தெரியவே இல்லை. கண்ணாடியில்தான் ஏதோ பழுது என்று நினைத்திருப்பேன்.

தட்டிவான்:
பல்பின் பித்தளைக் கழுத்தில் எழுத்து குத்தியிருக்கும். என்ன எழுதியிருக்கிறது? இன்னுமொன்று, அந்தப் பல்ப் எங்கே கிடைத்தது என்று சொன்னீர்?

ஒடியற்கூழ்:
மச்சான் வீட்டில். எனக்கு அந்த எழுத்துத் தெரியவில்லை, கண்ணாடியும் இல்லை. மகள் வாசித்துச் சொன்னாள், 24 வி, 21 டபிள்யூ.

தட்டிவான்:
மச்சான் என்ன வாகனம் ஓட்டுகிறார்?

ஒடியற்கூழ்:
கிளிநொச்சியில் டிப்பர்.

கேபிள்சுத்தி:
நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழும்பிவிட்டது.

தட்டிவான்:
அவ்வளவுதான் கதை. டிப்பருக்கும் பெரிய லொறிக்கும் இரண்டு பற்றரியைத் தொடராகக் கட்டி 24 வோல்ற் ஓடுகிறது. கழுத்து ஒன்று, திருகுவதும் ஒன்று, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அந்தப் பல்ப் தனக்குரிய 24 வோல்ற்றிலேயே 0.875 அம்பியர்தான் எடுக்கும், 12 வோல்ற் கொடுத்தால் அதிலும் குறைவு. பிளாஷர் எதிர்பார்க்கிறது 1.75. ஆகவே எரிகிற பல்பைப் போன பல்பாகக் கணக்கெடுத்துவிட்டது. அது சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் ஐந்து நாளாக வேறு இடங்களில் தேடினோம்.

பட்டா என்கிற சின்ன லொறிக்கு 12 வோல்ற். மச்சான் பட்டா ஓட்டியிருந்தால் உமக்கு இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

பண்ணைப்பாலம்:
அட, நான் எர்த்தைத் தேய்க்கச் சொன்னேனே. சரி, எப்படியோ உங்கள் எர்த் நல்லதென்று தெரிந்துகொண்டீர்கள்.

வடலிக்காற்று:
மறுபக்கம் நடந்தால் என்னாகும்? 12 பல்பை டிப்பரில் போட்டால்?

கேபிள்சுத்தி:
வெள்ளை வெளேரென்று எரிந்து கொஞ்ச நேரத்தில் இழை அறுந்துவிடும். அதற்குள் படம் எடுத்தால் அழகாக இருக்கும்.

பல்ப் வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கோ. மஞ்சள் பூச்சு உள்ள பல்பும் வெறும் கண்ணாடிப் பல்பும் ஒரே கழுத்து மாதிரித் தெரியும், ஆனால் மஞ்சளின் இரண்டு ஊசியும் நேர் எதிரெதிரில் இல்லை, கொஞ்சம் சாய்ந்திருக்கும். உட்காரவில்லை என்றால் பலவந்தமாகத் திருகாதேயுங்கோ, ஹோல்டர் உடையும். 5 வோற், 10 வோற் பல்ப் அந்த இடத்தில் போட்டாலும் இதே படபடப்புத்தான் வரும், இது 24 க்கு மட்டும் வருகிற வருத்தமில்லை.

ஒடியற்கூழ்:
இன்று காலை 12 வோல்ற் 21 வோற் வாங்கிப் பூட்டினேன், கழுத்தை மகளைக் கொண்டு இரண்டு தரம் வாசிக்க வைத்தேன். அடிக்கிற வேகம் வலப்பக்கம் மாதிரியே. மணிக்கூட்டைப் பிடித்து அரை நிமிடம் எண்ணினேன், 42 தரம், நிமிடத்துக்கு 84.

தட்டிவான்:
சரியான கணக்கு. ஐரோப்பிய விதிகளில் நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை இருக்கலாம், அதன் நடுவில் நிற்கிறீர். படபடத்தபோது எண்ணியிருந்தால் 150 ஐத் தாண்டியிருக்கும்.

வடலிக்காற்று:
நான் றிலே வாங்கப் போனேன், என்னுடைய காரில் தனி றிலே இல்லையாம், உள்ளே இருக்கிற கொம்பியூட்டர் பெட்டிதான் சிக்னலை அடிக்கிறதாம். அப்ப தடைதானா?

கேபிள்சுத்தி:
அப்படியென்றால் தடைதான், அல்லது பேசாமல் பழைய பல்பைத் திரும்பப் போடும். பழைய பல்ப்களை எறிந்துவிட்டீரா?

வடலிக்காற்று:
இல்லை, டிக்கிக்குள் ஒரு பிஸ்கட் ரின்னில் கிடக்கின்றன.

கேபிள்சுத்தி:
அப்ப அந்த ரின்னைத் திறவும்.

ஒடியற்கூழ்:
ஆருக்காவது கொரல்லா 110 க்குப் பிளாஷர் வேண்டுமா? நல்லாக வேலை செய்கிறது, ஐந்து நாள்தான் பாவித்தது, கொக்குவிலில் வந்து எடுக்கலாம். விலையைப் பேசிக்கொள்ளலாம். பல்பை மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவன் டிப்பருக்குப் பின்னால் இடப்பக்கம் போன மாசமே போய்விட்டதாம், பெட்டியில் வைத்த பல்பை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தானாம்.